அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது?

2013-இல் அமெரிக்காவின் பிரஸ்பிடேரியன் திருச்சபை ஒரு புதிய பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டது. அதற்குப் பாடல்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் ஒரு பாடலை வைத்துத் தகராறு. ஆங்கிலச் சபைகளில் அப்போது எங்கும் ஒலித்துக்கொண்டிருந்த பாடல் அது. ஆனால் இயேசு சிலுவையில் மரித்தபோது கடவுளின் கோபம் தணிந்தது என்று அதில் ஒரு வரி வரும். அந்த இடத்தில் கடவுளின் அன்பு விளங்கியது என்று மாற்றிப் போட்டுக்கொள்ளக் குழு அனுமதி கேட்டது. எழுதியவர்கள் சம்மதிக்கவில்லை. கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது. பாடல் இருக்கட்டும் என்றவர்கள் 6 பேர், வேண்டாம் என்றவர்கள் 9 பேர். பாடல் புத்தகத்தில் இடம்பெறவில்லை.

ஒரு வரிக்காகவா இவ்வளவு என்று கேட்கலாம். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இருப்பது ஆயிரத்தறுநூறு வருஷத்துக்கும் மேலான ஒரு வாக்குவாதம். இயேசு நமக்காகத் தம்மைப் பலியாகக் கொடுத்தார், அதனால் மனிதருக்கு மீட்பு உண்டாயிற்று என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் சண்டை இல்லை. கத்தோலிக்கர், லூத்தரன், பெந்தெகொஸ்தே, சிரியன் என்று யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அது எப்படி நடந்தது என்று அடுத்த கேள்வியைப் போட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். இயேசு கடவுளா மனிதரா என்பதைத் தீர்க்கச் சபைத் தலைவர்கள் நிசேயாவில் 325-இல் கூடினார்கள், கால்கெதோனில் 451-இல் கூடினார்கள், வார்த்தை வார்த்தையாக வரையறுத்தார்கள். சிலுவை எப்படி மனிதரை மீட்கிறது என்பதை எந்தப் பொதுச் சங்கமும் அப்படி வரையறுக்கவில்லை. ஞாயிறுதோறும் சபைகளில் சொல்லப்படும் நிசேயா விசுவாசப் பிரமாணத்திலும் “நமக்காக” என்ற அளவோடு விஷயம் நின்றுவிடுகிறது.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கும், உள்ளே இருக்கும் பலருக்கும், மனதில் பதிந்திருக்கிற கதை வேறு. சாமி கோபமாக இருந்தார், ரத்தம் கேட்டார், மகனின் ரத்தம் கிடைத்தது, சமாதானமாகிவிட்டார். இதுதான் கிறிஸ்தவம் என்று நினைத்து ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு, இதற்காகவே ஒதுங்கிப்போனவர்களும் உண்டு. வேதாகமத்தில் இருக்கும் பலியையும் மீட்பையும் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இந்தக் கதை அவ்வளவாக ஒட்டவில்லை.

எருசலேம் ஆலயத்திலிருந்து தொடங்கலாம். லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்கள் ஐந்து விதமான பலிகளைச் சொல்கின்றன. சர்வாங்க தகனபலி முழுவதும் எரிக்கப்படும். போஜனபலி என்பது மாவும் எண்ணெயும். அதில் உயிரே இல்லை. சமாதான பலியில் கொழுப்பு பீடத்துக்குப் போகும், ஒரு பங்கு ஆசாரியனுக்கு, மிச்சத்தைக் கொண்டுவந்தவன் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவான். பாவநிவாரண பலி, குற்றநிவாரண பலி என்ற கடைசி இரண்டும்தான் நேரடியாகப் பாவத்தைக் குறித்தவை. அதிலும் பாவநிவாரண பலி அறியாமல் செய்த பாவத்துக்கு. துணிந்து, கையை ஓங்கிச் செய்த பாவத்துக்குப் பலியே கிடையாது என்று எண்ணாகமம் 15-ஆம் அதிகாரம் கறாராகச் சொல்கிறது. ஆடும் புறாவும் வாங்க வக்கில்லாத ஏழை, எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவந்தால் போதும், அவனுக்கும் மன்னிப்பு உண்டு. “இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது” என்ற எபிரெயர் நிருப வசனத்தை மேடையில் அடிக்கடி கேட்கிறோம். அதே வசனம் “கொஞ்சங்குறைய எல்லாம்” என்ற எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறது. அதை யாரும் அழுத்திச் சொல்லிக் கேட்டதில்லை.

இந்த முறைமைக்கெல்லாம் உச்சம் வருஷத்தில் ஒரு நாள் வரும் பாவநிவாரண நாள். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து பிரதான ஆசாரியன் சீட்டுப் போடுவான். ஒன்று கர்த்தருக்கு. அது கொல்லப்படும், அதன் இரத்தத்தை அவன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோய்த் தெளிப்பான். மற்றதன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, ஜனத்தின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். தமிழ் வேதாகமத்தில் இதற்குப் போக்காடு என்று பெயர். இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஜனத்தின் பாவத்தைச் சுமக்கிற ஆடு கொல்லப்படுவதில்லை. கொல்லப்படுகிற ஆட்டின் தலையில் யாரும் பாவத்தை ஏற்றுவதில்லை. பாவத்துக்குரிய தண்டனையை ஆடு வாங்கிக்கொள்கிறது என்று விளக்க முயன்றால், இரண்டு ஆடுகளில் எதுவும் அதற்குப் பொருந்தாது.

அப்படியானால் அந்த இரத்தம் எதற்கு? லேவியராகமத்துக்கு மிகப் பெரிய உரை எழுதிய யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் ஒரு பதில் சொன்னார். ஜனங்கள் செய்யும் பாவம் அழுக்கைப்போல ஆலயத்தில் படிந்துகொண்டே வருகிறது. அது அளவு மீறினால் கடவுள் அங்கே தங்கமாட்டார். உயிர் இரத்தத்தில் இருப்பதால், அந்த உயிரைக் கொண்டு ஆலயம் கழுவப்படுகிறது. இந்த விளக்கத்தில் இரத்தம் படுவது ஸ்தலத்தின்மேல், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல், பீடத்தின் கொம்புகளின்மேல். மில்க்ரோமின் கருத்தோடு முழுக்க ஒத்துப்போகாதவர்களும் உண்டு. ஆனால் அவருக்குப் பிறகு, கோபக்காரக் கடவுளுக்கு லஞ்சம் என்று லேவியராகமத்தைப் படிப்பது கஷ்டமாகிவிட்டது. லேவியராகமம் 17:11-இல் கடவுளே சொல்கிறார்: உங்கள் ஆத்துமாக்களுக்காகப் பாவநிவிர்த்தி செய்யும்படி இந்த இரத்தத்தை நான் உங்களுக்குக் கொடுத்தேன் என்று. கொடுக்கிற கை அவருடையது.

மீட்பு வேறு தெருவிலிருந்து வந்த சொல். அது ஆலயத்துச் சொல் இல்லை, சொந்தபந்தத்துக்குள் புழங்கிய சொல். ஒருவன் வறுமையால் நிலத்தை விற்றுவிட்டால், அல்லது கடனுக்குத் தன்னையே அடிமையாக விற்றுவிட்டால், நெருங்கிய உறவினன் பணம் கொடுத்து அதைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்கிறது லேவியராகமம் 25-ஆம் அதிகாரம். ரூத்தின் கதையில் போவாஸ் இந்தக் கடமையைத்தான் செய்கிறார். அவரைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் இருக்கிறான். நிலம் வேண்டும் என்கிறான், விதவையையும் சேர்த்து ஏற்க வேண்டும் என்றதும் நழுவிவிடுகிறான். ஊர்வாசலில் 10 மூப்பர்கள் முன்னிலையில் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விட்டுவிடுகிறான். அப்புறம்தான் போவாஸ் முன்னால் வருகிறார். அடக்க ஆராதனைகளில் வாசிக்கப்படும் “என் மீட்பர் உயிரோடிருக்கிறார்” என்ற யோபுவின் வாக்கியத்தில் இருப்பதும் இதே உறவுக்காரர்தான். யோபு தேடியது தன் பக்கம் நின்று வழக்காட ஒரு சொந்தக்காரரை.

இதே சொல்லை எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையானதற்கும் வேதாகமம் பயன்படுத்துகிறது. ஓங்கிய கையினால் உங்களை மீட்பேன் என்று யாத்திராகமம் 6-இல் கடவுள் சொல்கிறார். அங்கே யாருக்காவது பணம் கொடுக்கப்பட்டதா? பார்வோனுக்கு ஒரு காசும் போகவில்லை. புறப்பட்ட இரவில் அடித்த பஸ்கா ஆட்டின் இரத்தம் வீட்டு நிலைக்கால்களில் பூசப்பட்டது. அதன் இறைச்சியை அன்றிரவே குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டார்கள். அந்தக் கதையில் பாவம் என்ற பேச்சே இல்லை, அடிமைத்தனமும் விடுதலையும்தான். ஆக, மீட்பு என்றால் விலை கட்டாயம் ஒருவர் கைக்குப் போயாக வேண்டும் என்பதில்லை. மீட்பவருக்கு அது பாடாக முடியும், அவ்வளவுதான்.

தீர்க்கதரிசிகள் பலியை எப்படிச் சாடினார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால் விரிக்கவில்லை. “பலியை அல்ல இரக்கத்தையே” என்ற ஓசியாவின் வரியை மத்தேயு நற்செய்தியில் இயேசு இரண்டு முறை எடுத்துச் சொல்கிறார். கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்த பிறகு, இனிப் பாவநிவிர்த்திக்கு என்ன வழி என்று கலங்கிய சீடருக்கு ரபி யோகனான் பென் சக்காய் அதே வரியைச் சொல்லித்தான் ஆறுதல் கூறினார் என்கிறது யூத மரபு. ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு யூதர்கள் பலியில்லாத வழிக்குப் போனார்கள். கிறிஸ்தவர்கள் அதற்குள் ஒரே பலி போதும் என்ற வழியில் போயிருந்தார்கள்.

ஆனால் இயேசுவின் மரணத்தைப் பலி என்று சொன்னதே முதலில் ஒரு துணிச்சலான காரியம். அங்கே பீடம் இல்லை, ஆசாரியன் இல்லை. ஊருக்கு வெளியே, பொந்தியு பிலாத்து என்ற ரோம அதிகாரியின் கட்டளைப்படி, படைவீரர்கள் நிறைவேற்றிய மரண தண்டனை அது. சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரியது. ஸ்பார்டகஸ் தலைமையில் நடந்த அடிமைக் கலகம் கி.மு. 71-இல் அடக்கப்பட்டபோது, ரோமுக்குப் போகும் அப்பியன் சாலை நெடுகிலும் 6,000 பேரைச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமமும் சொல்கிறது. இப்படிச் செத்தவரைப் பற்றி, “நம்முடைய பாவங்களுக்காக மரித்தார்” என்று பவுல் 50-களின் நடுவில் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அதுவும் தாம் கண்டுபிடித்ததாக இல்லை, தமக்கு முன்பே இருந்தவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டதாக எழுதுகிறார்.

புதிய ஏற்பாடு இந்த மரணத்துக்கு ஒரே விளக்கம் கொடுக்கவில்லை. கையில் கிடைத்த படங்களையெல்லாம் எடுத்துப் போடுகிறது. பஸ்கா ஆடு என்கிறது, அநேகரை மீட்கும் பொருள் என்கிறது. எபிரெயருக்கு எழுதின நிருபத்தில் அவரே பிரதான ஆசாரியர், அவரே பலி. கொலோசெயரில் அவர் துரைத்தனங்கள் என்ற தீய அதிகாரங்களைத் தோற்கடித்து ஊர்வலம் நடத்துகிற வெற்றிவீரர். 2 கொரிந்தியர் 5:19-இல் கடவுள் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்குகிறார். திசையைக் கவனியுங்கள். ஒப்புரவாக வேண்டியிருந்தது உலகம். கடவுளை யாரும் சமாதானப்படுத்தவில்லை. இந்தப் படங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு விஷயம் புரிகிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை இழுத்தால் அது கிழிந்துவிடுகிறது.

முதலில் இழுக்கப்பட்டது விலை என்ற படம். விலை கொடுத்து வாங்கினார் என்றால் விற்றவன் யார்? நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் கப்பதோக்கியாவில் வாழ்ந்த நீசா நகரத்து கிரகோரி, சாத்தான்தான் என்றார். மனிதன் பாவத்தால் தன்னைச் சாத்தானுக்கு விற்றுவிட்டான். அவனை அநியாயமாகப் பிடுங்காமல், கடவுள் முறைப்படி ஒரு விலை கொடுத்தார். இயேசுவின் மனித உடல் தூண்டிலில் மாட்டிய இரை, உள்ளே இருந்த தெய்வீகம் முள். சாத்தான் விழுங்கினான், மாட்டிக்கொண்டான். கேட்கச் சுவாரசியமான கதைதான். ஆனால் கடவுள் ஏமாற்றினாரா என்ற சங்கடம் அதில் இருக்கிறது.

அவருடைய நண்பரும் அதே நாட்டுக்காரருமான நாசியான்சு நகரத்து கிரகோரிக்கு இது பொறுக்கவில்லை. ஓர் ஈஸ்டர் பிரசங்கத்தில் அவர் நேராகவே கேட்டார்: அந்த இரத்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எதற்காக? கொள்ளைக்காரனான சாத்தானுக்கா? கடவுளையே விலையாக வாங்கிக்கொள்ளும் அருகதை அவனுக்கு உண்டா, வெட்கக்கேடு! சரி, பிதாவுக்கா? நம்மைச் சிறைவைத்திருந்தது அவர் இல்லையே. தவிர, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைக் கொடுக்க வந்தபோது வேண்டாமென்று ஆட்டுக்கடாவைக் காட்டியவர், தம்முடைய ஒரே மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார்? பிதா அதை ஏற்றுக்கொண்டார், ஆனால் கேட்டு வாங்கவில்லை, தேவைப்பட்டதாலும் இல்லை என்று சொல்லிவிட்டு, மீதியை மௌனத்தால் கனம்பண்ணுவோம் என்கிற தோரணையில் முடித்துக்கொண்டார். எனக்கு இந்த விவகாரம் முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டிருக்கிறது என்று காட்டிவிட்டு, பதிலுக்கு அவசரப்படாமல் நிற்கிறார்.

மேற்கே அப்படி நிற்கவில்லை. இத்தாலியில் பிறந்து காண்டர்பரியின் பேராயரான அன்செல்ம், இங்கிலாந்து அரசனோடு மோதி நாட்டைவிட்டுப் போயிருந்த காலத்தில், 1098-இல் ஒரு நூலை எழுதி முடித்தார். கடவுள் ஏன் மனிதனானார் என்பதுதான் அதன் தலைப்பும் கேள்வியும். சாத்தானுக்கு எந்த உரிமையும் இல்லை என்று முதலிலேயே அவனை வெளியே அனுப்பிவிடுகிறார். அவர் வாழ்ந்தது பிரபுக்களும் குடிகளும் இருந்த உலகம். அங்கே பிரபுவின் மானத்துக்குக் குறைவு வந்தால் எல்லா ஒழுங்கும் குலையும். பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்த வேண்டிய கனத்தைச் செலுத்தாமல் விடுவது. அதற்கு ஒன்று ஈடு செய்ய வேண்டும், அல்லது தண்டனை வர வேண்டும். ஈடு செய்ய வேண்டியவன் மனிதன், செய்ய முடிந்தவர் கடவுள் மட்டும். ஆகவே கடவுளும் மனிதனுமான ஒருவர். கணக்கு நேராக வருகிறது.

இந்த இடத்தில் பலரும் அன்செல்மைத் தவறாகப் படிக்கிறார்கள். இயேசு தண்டிக்கப்பட்டார் என்று அவர் சொல்லவில்லை. ஈடு அல்லது தண்டனை என்பதில், இயேசு செய்தது ஈடு. அதனால் தண்டனை தேவையில்லாமல் போயிற்று. சில பத்தாண்டுகள் கழித்து பாரிஸில் பெயர் பெற்ற பீட்டர் அபெலார்டு, ஒரு நிரபராதியின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடூரம் என்று ரோமர் நிருபத்தின் உரையில் எழுதினார். சிலுவையில் தெரிகிற அன்பு நம் மனதைப் பற்றவைத்து மாற்றுகிறது, அதுவே மீட்பு என்ற பக்கம் அவர் சாய்ந்தார். கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்டு பொங்கி எழுந்து போப்புக்குக் கடிதம் எழுத, அபெலார்டு கண்டனத்துக்கு உள்ளானார். அவர் பதிலில் ஒரு குறை உண்டுதான். ஆற்றில் மூழ்குகிறவனைக் காப்பாற்றக் குதித்தால் அது அன்பு, கரையில் நிற்பவனுக்கு அன்பைக் காட்டுவதற்காகக் குதித்தால் என்ன சொல்வது?

தண்டனை என்ற சொல் நடுவே வந்தது பதினாறாம் நூற்றாண்டில், சபைச் சீர்திருத்த காலத்தில். ஜான் கால்வின் ஓர்லியோன், பூர்ஜ் நகரங்களில் சட்டம் படித்தவர். அன்செல்முக்கு அரசவை எப்படியோ கால்வினுக்கு நீதிமன்றம் அப்படி. இயேசு திருடர் கையிலோ கலவரத்திலோ செத்திருந்தால் போதாது, ஒரு நீதிபதி முன் நின்று குற்றவாளி என்று தீர்க்கப்பட வேண்டியிருந்தது என்று அவர் அழுத்திச் சொல்கிறார். நமக்கு வர வேண்டிய தீர்ப்பு அவர்மேல் வந்தது. நம் ஊர்க் கன்வென்ஷன் கூட்டங்களில் சொல்லப்படும் நீதிபதி கதை இதன் பேரப்பிள்ளை. மகனுக்கு அபராதம் விதித்த நீதிபதி, அங்கியைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்து தானே அபராதத்தைக் கட்டுகிறார். கதை நன்றாகத்தான் இருக்கிறது, நெஞ்சைத் தொட்டு மனம் மாறியவர்களும் உண்டு. ஆனால் அபராதத்தை அப்பா கட்டலாம், தூக்குத் தண்டனையை அப்பா வாங்கிக்கொள்ள எந்த நீதிமன்றமும் விடாது. சிலுவை அபராதம் இல்லையே.

கால்வினே இவ்வளவு முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடவுள் நம்மை நேசித்ததால்தான் மகனைக் கொடுத்தார், மகன் மரித்ததால் நேசிக்கத் தொடங்கவில்லை என்பதில் அவர் தெளிவாக இருந்தார். பிதா வேறு ஆள், குமாரன் வேறு ஆள் என்று இரண்டாகப் பிரித்து, ஒருவர் அடிக்க இன்னொருவர் வாங்கினார் என்று சொல்லும்போதுதான் அது மகனைக் கொடுமைப்படுத்தும் தகப்பனின் கதையாகிறது. திரித்துவத்தை நம்புகிற சபைகள் அப்படிச் சொல்ல வழியே இல்லை. பீடத்தில் கொடுக்கிறவரும் கொடுக்கப்படுகிறவரும் ஒரே கடவுள். கோபமா அன்பா என்று வாக்கெடுப்பு நடத்திய குழுவில் இரண்டு பக்கத்தாருக்கும் இது தெரிந்திருக்கும். பாடலில் ஒரு வரிக்குள் அதை அடக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

இன்னொருவருக்காகச் சாவது என்றால் என்ன என்று பார்க்க நாஜிகளின் அவுஷ்விட்ஸ் முகாமைக் காட்டுபவர்கள் உண்டு. 1941 ஜூலை இறுதியில் ஒரு கைதி தப்பியதற்குப் பதிலாக 10 பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல எடுத்தார்கள். அதில் ஒருவர், பிரான்சிஷெக் கயோவ்னிசெக், மனைவி பிள்ளைகளை நினைத்துக் கதறினார். மக்சிமிலியன் கோல்பே என்ற பிரான்சிஸ்கன் குரு முன்னால் வந்து, அவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். ஆகஸ்டு 14 அன்று விஷ ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். 1982-இல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, காப்பாற்றப்பட்ட கயோவ்னிசெக் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கோல்பேயின் உயிர் யாருக்குக் கொடுக்கப்பட்டது? முகாம் அதிகாரி அதை வாங்கிக்கொண்டான், ஆனால் அவனைத் திருப்திப்படுத்தியதால் அந்தச் சாவுக்கு மதிப்பு வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாவைக் கேட்டது கொலைகாரர்களின் உலகம். உயிரைக் கொடுத்தது அன்பு. கோல்பேயின் கதையைச் சிலுவைக்கு ஈடாக வைக்க முடியாது. ஆனால் பலியைக் கேட்டவர் வேறு, கொடுத்தவர் வேறு என்று பிரித்துப் பார்க்க அது உதவுகிறது.

இப்படிப் பிரிக்காமல் விட்டால் அதற்கு விலை கொடுப்பது பெரும்பாலும் பெண்கள். அடிக்கிற புருஷனைச் சகித்துக்கொள், அதுதான் உன் சிலுவை என்று ஆலோசனை சொன்ன போதகர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். பெண்ணிய இறையியலாளர்கள் 1980-களிலிருந்து இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். பாடுபடுவதே புண்ணியம் என்று சொல்லிவிட்டால், பாடுபடுத்துகிறவனுக்கு அது வசதி. “ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்” என்று யோவான் 10-இல் இயேசு தம் உயிரைப் பற்றிச் சொல்வதை இந்த ஆலோசகர்கள் படிப்பதில்லை போலும். தானே கொடுத்தால்தான் பலி. பிடுங்கப்பட்டால் அது பலியில்லை, பறிப்பு.

பலி முடிந்துவிட்டதா, தொடர்கிறதா என்பது இன்னொரு பெரிய சண்டை. எபிரெயர் நிருபம் “ஒரேதரம்” என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் பூசை ஒரு பலியே இல்லை என்றார் லூத்தர். சிலுவையில் கொடுக்கப்பட்ட அதே பலிதான், இரத்தம் சிந்தாத முறையில் பீடத்தில் ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1562-இல் பதில் சொன்னது. புதிதாக இன்னொரு பலி என்று கத்தோலிக்கர்களும் சொல்லவில்லை. எதிரெதிராகக் கத்திக்கொண்டிருந்த காலத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

கீழைச் சபைகள் இந்த வழக்காடல்களில் பெரிதாகக் கலந்துகொள்ளவே இல்லை. அவர்களுடைய உயிர்த்தெழுதல் ஓவியத்தில் இயேசு பாதாளத்தின் கதவுகளை மிதித்து நின்று, ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லறையிலிருந்து தூக்குகிறார். இஸ்தான்புல்லில் கோரா ஆலயத்தின் பதினான்காம் நூற்றாண்டுச் சுவரோவியம் இதில் பெயர்பெற்றது. மீட்பு என்றால் மரணத்தின் பிடியிலிருந்து இழுத்தெடுப்பது. யாத்திராகமத்துப் பொருளுக்கு இது மிக அருகில் வருகிறது. ஸ்வீடனின் லூத்தரன் இறையியலாளர் குஸ்தாவ் அவுலேன் 1930-இல், ஆதிச் சபையின் அடிப்படைக் கருத்தே இந்த வெற்றிதான், மேற்கு அதைத் தொலைத்துவிட்டது என்று வாதிட்டார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்தினார் என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள், ஆனால் விட்டுப்போன ஒன்றைத் தொட்டுக்காட்டினார் என்பதை மறுக்கவில்லை.

விட்டுப்போனது எவ்வளவு பெரிது என்று பார்க்க அன்செல்மின் நூலையே திறக்கலாம். அவருடைய கணக்கு பெரிய வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடுகிறது. உயிர்த்தெழுதலுக்கு அதில் வேலையே இல்லை. கடன் தீர்ந்துவிட்டதென்றால் கடன் தீர்த்தவர் எழுந்து வந்தாலும் வராவிட்டாலும் ரசீது ரசீதுதான். ஆனால் “கிறிஸ்து எழுந்திராவிட்டால் நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்” என்று பவுல் 1 கொரிந்தியர் 15-இல் எழுதியிருக்கிறார். மரணத்தை மட்டும் வைத்துப் பாவமன்னிப்பை முழுக்க விளக்குகிற எந்தக் கொள்கையும் இந்த ஒரு வசனத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறுகிறது.